டாங்கியின் மேல் ஒரு பெயர்

குமிழி மறுபடியும் எழும்பியிருந்தது. காலையில் ஊசியால் குத்தி, கட்டைவிரலால் தேய்த்து அடக்கிவிட்டுத்தான் அழகையா தேத்தண்ணி குடிக்கப் போனார். திரும்பி வந்தால், பந்தய மோட்டார் சைக்கிளின் பெற்றோல் டாங்கியில், நீல ஸ்டிக்கருக்கடியில், அதே இடத்தில் பயறளவுக்கு உப்பிக்கொண்டு நிற்கிறது.

பிளாஸ்டிக் டாங்கியில் ஒட்டினால் குமிழி வருவது புதிதல்ல. பெற்றோல் ஆவி கசியும், குத்திவிட்டால் போய்விடும். இது அப்படியில்லை. குத்தின ஊசியில் ஈரம் இருந்தது. மூக்கருகே கொண்டுபோகாமலே என்னவென்று தெரிந்தது. அந்த இடத்துக்கு நேர் கீழேதான் கொதிக்கிற சைலன்சர் குழாய் வளைந்து போகிறது.

பதுளையில் காமில் முதலாளியின் மோட்டார் சைக்கிள் கடையில் அழகையாவுக்கு இது நாலாவது வருஷம். அதற்கு முன், பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் செடி வெட்ட இருபது வருஷம் கவ்வாத்துக் கத்தி பிடித்தார். நாற்பது தாண்டித்தான் எழுத்துப் படித்தார். அதுவும் ஸ்டிக்கரில் அடுத்தவர் பெயர்களை வெட்டி வெட்டி. ஞாயிற்றுக்கிழமை தியத்தலாவைப் போட்டியில் இந்தச் சைக்கிளை ஓட்டப்போவது கடை மெக்கானிக் ஜீவன், அவருடைய மகள் தனுஜாவின் புருஷன். மருமகன் பெயரைத் தன் கையாலேயே எழுத வேண்டுமென்று அவருக்கு ஆசை. மேசையில் வைத்து வெட்டி, பிறகு ஒட்டுவதுதான் கடை வழக்கம். நேற்று அழகையா டாங்கியில் ஒட்டிவிட்டு, அதன் மேலேயே வெட்டினார். வளைவுக்குப் பொருந்த வேண்டுமே என்று தனக்குத்தானே ஒரு சாக்கு. கடைசி எழுத்தின் சுழியில் பிளேடு திடீரென்று உள்ளே இறங்கியது. தேயிலை வாதில் கத்தி இறங்குமே, அதே இறக்கம். டாங்கி அறுபட்டதென்று கை சொன்னது. கண் குனிந்து பார்க்கவில்லை. அதன் மேல் இன்னொரு நீலத் துண்டை வைத்து அழுத்தினார்.

"என்ன அழகையா, ஸ்டிக்கர் ஒட்றீங்களா, மருமகனுக்கு மால கட்றீங்களா?" என்றபடி காமில் வந்தார்.

"முடிஞ்சிருச்சுங்க மொதலாளி."

"கவனம். கொழும்பெல்லாம் தேடி எடுத்த டாங்கி. வேற கெடையாது. ஒரு கீறல் வுழுந்தா ஒங்கள திரும்பத் தோட்டத்துக்கே ஏத்திருவேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அழகையாவும் சிரித்தார். சொல்வதற்கு அதுதான் நேரம் என்று தெரிந்தும் வாய் சிரிப்பிலேயே நின்றுவிட்டது.

ஜீவன் பெற்றோலை முழுக்க நிரப்பிக்கொண்டு தலைக்கவசத்தை மாட்டினான்.

"மாமா, ஒங்க மக கோவமா இருக்கா. கட்டுனவ பேரு வேணாமா, இவரு பேரு மட்டும் போதுமான்னு கேக்குறா."

"ஜெயிச்சுட்டு வாங்க மாப்ள. அதையும் போட்ருவோம்."

"மேட்டுல ஒரு ஓட்டம் பாத்துட்டு வந்துர்றேன்." ஏறி உட்கார்ந்தவன் பெயரைத் தடவிக்கொண்டே வந்தான். கடைசி எழுத்தில் விரல் நின்றது. "இதென்னங்க மாமா, பொங்கியிருக்கு?"

அழகையா முதலாளியைப் பார்த்தார். பிறகு டாங்கியைப் பார்த்தார்.

"காத்துங்க மாப்ள."

ஜீவன் உதைத்தான். எஞ்சின் அலறியது, தகரக் கூரை அதிர்ந்தது. சைக்கிள் நடுங்க, நீலத் துண்டின் ஓரம் மெல்லப் பிரிந்து ஒரு துளி வெளியே வந்து தொங்கியதை அழகையா கண்டார். கிளட்ச் விட்டதும் வண்டி பாய்ந்துவிட்டது.

"நில்லுங்க! மாப்ள, நில்லுங்க!"

ரோட்டுக்கு ஓடி இரண்டு கையையும் உயர்த்தி வீசினார். முதல் வளைவில் ஜீவன் திரும்பிப் பார்த்தான். மாமா வழியனுப்புகிறார் என்று நினைத்தானோ என்னவோ, ஒரு கையைத் தூக்கி ஆட்டிவிட்டு மேட்டில் ஏறினான்.

வளைவுக்கு அப்பால் மலை சத்தத்தை மறைத்துவிடும். எண்ணிப் பத்துக்குள், மேல் ரோட்டில், தேயிலைக்கு நடுவிலிருந்து திரும்பக் கேட்கும். எப்போதும் அப்படித்தான்.

அழகையா கையை இறக்காமல் நின்றார். பத்து ஆயிற்று. சத்தம் வரவில்லை. மலைச்சரிவில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்து, மேல் ரோட்டுப் பக்கம் திரும்பினார்கள்.