எட்டே முக்காலுக்கு விடியும் வீடு

எல்லா வீட்டுப் பாஸ்வேர்டையும் அந்தந்த வீட்டுக்காரர்களிடமே கொடுத்துவிட வேண்டும் என்று முத்துவடிவு தன் முதலாளி தில்லைநாயகத்திடம் கேட்டபோது தென்காசியில் காலை மணி எட்டு. சுள்ளென்ற வெயில். ஊர் எல்லையில் குத்துக்கல்வலசையில், கணவன் சவூதியில் இருக்கும் ஜன்னத்தின் வீட்டுக்குள் இன்னும் விடியவில்லை. அந்த வீட்டில் எப்போதும் எட்டே முக்காலுக்குத்தான் விடியும். முத்துவடிவு கேட்டது கேட்கக் கூடாத ஒன்று. குற்றாலத்து லாட்ஜ் ஒன்றில் அறை துடைக்கும் அவள் அம்மா லோகநாயகி, மகள் வேலைக்குச் சேர்ந்த அன்றே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்: "சம்பளம் கூட்டிக் கேளு, லீவு கேளு, தலைவலின்னு பாதியில எந்திரிச்சு வா. சாவியை மட்டும் கேக்காதட்டி. சாவி கேட்டவளை எவனும் வேலைக்கு வச்சிக்கிட மாட்டான்." இருபது வருடமாக அறுபது அறைகளின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு அறையில்கூட ஒரு மத்தியானம் படுத்து எழுந்திராதவள் லோகநாயகி. அவளுக்குத் தெரியாதா?

பெட்டிகள் வந்த கதை இது. ஏழு வருடங்களுக்கு முன்பு தென்காசியில் பாதி வீடுகளில் போன் நிறைந்துபோனது. கல்ஃபில் இருக்கும் கணவன் அனுப்பிய வீடியோ, பிள்ளை நடந்த வீடியோ, கல்யாண வீடியோ, ஐந்து நிமிடம் வெறுமனே மூச்சு மட்டும் கேட்கும் வாய்ஸ் மெசேஜ். எதையும் அழிக்க யாருக்கும் மனம் வரவில்லை. தில்லைநாயகம் அப்போதுதான் கம்ப்யூட்டர் கடைக்குப் புதுப் பலகை மாட்டியிருந்தார். செங்கல் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, அதில் எந்த நாட்டிலோ யார் யாரோ எழுதி இலவசமாக விட்டிருந்த ஹோம் சர்வர் மென்பொருள். டிவிக்குப் பின்னால் வைத்துவிட்டால் வீட்டுப் போன்கள் எல்லாம் அதில் போய்க் கொட்டிக்கொள்ளும். நல்ல சாமான். பெட்டி மாட்டும்போது அவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "வீட்டுக்காரர் எந்த ஊர்ல இருக்காரு?" சவூதியில் தம்மாம் என்றால் பெட்டியின் கடிகாரத்தைத் தம்மாம் நேரத்துக்கு வைப்பார், துபாய் என்றால் துபாய்க்கு. கல்ஃப் வீடுகளில் சுவரில் இரண்டு கடிகாரம் தொங்குவது பழைய வழக்கம்; ஒன்று நமக்கு, ஒன்று அவருக்கு. அதைப் பார்த்து, அவருடைய நேரத்தில் படங்கள் வந்து அடுக்கிக்கொள்ளட்டும் என்று நினைத்து, நல்ல எண்ணத்தில்தான் அவர் அதைச் செய்தார். வைத்துவிட்டுப் பெட்டிக்குப் பாஸ்வேர்ட் போட்டு, பாஸ்வேர்டைத் தன்னோடு எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். இப்படி முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகள்.

வீடுகள் பெட்டியின் பேச்சைக் கேட்கத் தொடங்கின. முதல் வருடம் வெளிச்சம் மட்டும் பிந்தியது. தம்மாம் வீடுகளில் இரண்டரை மணி நேரம், துபாய் வீடுகளில் ஒன்றரை. அடுத்த வருடம் பால் பிந்தித் திரிந்தது, மல்லிகை பிந்தி வாடியது. ஜூன் மாதச் சாரல் தெருவில் ஐந்து மணிக்குத் தூறினால் தம்மாம் வீடுகளின் முற்றத்துக்கு ஏழரைக்கு வந்து சேர்ந்தது. அதற்குள் கொடித்துணியை எடுத்துவிடலாம் என்பதால் யாரும் குறை சொல்லவில்லை. நோன்பு திறப்பதற்கு வீட்டு நேரமா தெரு நேரமா என்று ஒரு பேச்சு எழுந்தது. தெரு நேரம்தான் என்று ஜமாத் முடிவு சொல்லிவிட்டது. பால்காரர் சேக் தாவூது எந்த வீட்டில் எப்போது விடியும் என்று ஒரு அட்டையில் எழுதிச் சைக்கிளில் கட்டிக்கொண்டார். பெண்களுக்கு இதில் ஒரு சந்தோஷமும் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. அங்கே அவன் கண் விழிக்கும்போது இங்கே இவளும் விழித்தாள். ஆனால் பெட்டி கெட்டுப்போனால் தில்லைநாயகம்தான் வர வேண்டும். அவர் வருவதற்குப் பத்து நாளும் ஆகும், இருபது நாளும் ஆகும். போன் செய்தால் எடுப்பார். "வாரேன், வாரேன். அதுக்குள்ள யாரும் கை வச்சிராதிய" என்பார்.

இந்தக் கடையில்தான் முத்துவடிவு வேலைக்கு வந்தாள். அவள் அப்பா குற்றாலத்தில் வெளியூர்க்காரர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுபவர். அந்த வீட்டில் அவளுக்கு முன் யாரும் எட்டாம் வகுப்பைத் தாண்டியதில்லை. பட்டம் வாங்கிய மூன்று வருடமும் அவளுக்குப் பாடப் புத்தக இங்கிலீஷ் மேல் கோபத்திலேயே போனது. பெட்டியின் மென்பொருளுக்கும் விளக்கம் என்று இருந்ததெல்லாம் ஆங்கிலத்தில்தான் இருந்தது. அதுவும் ஏற்கெனவே தெரிந்தவனுக்காகத் தெரிந்தவன் எழுதியது. தெரியாதவளுக்கு யாருமே எழுதவில்லை. அருவியில் எண்ணெய் தேய்ப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மேலே மழை பெய்து தண்ணீர் கலங்கினால், அதை முதலில் பார்த்தவன் கத்த வேண்டும். பக்கத்தில் நிற்பவன் தன் வாடிக்கையாளரைப் பிடுங்கிய பகையாளியாக இருந்தாலும் கத்த வேண்டும். பார்த்துவிட்டுக் கத்தாதவன் அடுத்த சீசனில் அந்தப் பாறையில் நிற்க முடியாது. முத்துவடிவு இதை எடுத்துக்கொண்டாள். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று ஒரு விக்கியைத் தொடங்கி அதற்குக் 'கலங்கல்' என்று பேர் வைத்தாள். ஒரே ஒரு சட்டம் போட்டாள். ஒவ்வொரு பக்கமும் 'நான் செய்த தப்பு' என்று தொடங்க வேண்டும். தப்பைச் சொல்லாதவன் வைத்தியம் சொல்லக் கூடாது.

முதல் ஆறு மாதம் அவள் மட்டும்தான் எழுதினாள். ஏழாவது மாதம் வீரகேரளம்புதூரிலிருந்து தையல்காரி ரெபேக்காள் எழுதினாள்: 'நான் செய்த தப்பு: பெட்டிக்கு லேஸ் வைத்து உறை தைத்து மாட்டினேன். அழகாக இருந்தது. மூச்சு முட்டி நின்றுபோனது.' அதற்குக் கீழே பதினான்கு பேர் தாங்களும் உறை மாட்டியதாக ஒப்புக்கொண்டார்கள், இரண்டு பேர் லேஸ் மாதிரி கேட்டார்கள். ஜன்னத்தின் கணவர் மசூது தம்மாமில் லிஃப்ட் மெக்கானிக். அவர் எழுதும் பக்கங்கள் எல்லாம் 'முதலில் கரண்டை நிறுத்து, பிறகு கையை விடு' என்று ஆரம்பித்தன. இரண்டே வருடத்தில் முந்நூற்று நாற்பது பக்கம். அதில் அறுபத்தோரு பக்கத்தை எழுதியது பேர் சொல்லாத ஒரு ஆள், 'விருந்தாளி' என்று மட்டும் போட்டிருக்கும். மிகச் சரியான பக்கங்கள். ஒரு எழுத்துத் திருத்த வேண்டியிருக்காது. அத்தனைக்கும் முதல் வரி ஒன்றுதான்: 'நான் செய்த தப்பு: கேட்காமல் இருந்தது.' முத்துவடிவு மண்டையை உடைத்துக்கொண்டு பார்த்தாள், ஆள் யாரென்று பிடிபடவில்லை. தில்லைநாயகம் முதலில் சிரித்தார், "பொம்பளையாளுவ சேந்து சமையல் குறிப்பு எழுதுதாவளா?" என்று கேட்டார். அவர் சிரித்ததற்குக் காரணம் இருந்தது. முந்நூற்று நாற்பது பக்கத்திலும் இரண்டாவது படி ஒன்றுதான்: பாஸ்வேர்டைப் போடவும். அந்த இடத்தில் எல்லாரும் நின்றார்கள். வைத்தியம் கையில் இருந்தது, பாட்டிலைத் திறக்கும் சாவி மட்டும் கடையில் இருந்தது.

இந்த வருடம் மார்ச்சில் வீடுகளில் மணியே பிந்தத் தொடங்கியது. ஜன்னத்தின் மகள் ஷிஃபாவுக்குப் பிளஸ் டூ பரீட்சை. முதல் நாள் மொழிப்பாடத்துக்கு வீட்டுக் கடிகாரத்தில் ஒன்பது மணிக்கு, சீருடை, ஹால் டிக்கெட் எல்லாம் சரிபார்த்துக்கொண்டு வாசல் இறங்கினாள். தெருவில் மணி பதினொன்றரை. பள்ளிக்கூடத்தில் உள்ளே விடவில்லை. அந்தத் தெருவில் பன்னிரண்டு வீடும் தம்மாம் வீடு, ஒருவரும் எச்சரிக்கவில்லை. எல்லாருக்கும் அப்போது ஒன்பதுதான். விஷயம் கேட்டு முத்துவடிவு வண்டியில் பறந்து வந்தாள், பெட்டியை எப்படியாவது உடைத்துத் திறந்து தருவதாகச் சொன்னாள். ஜன்னத் ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்கு மட்டும் பண்ணிக் குடுத்தா எதுத்த வீட்டுக்கு யாரு வருவா? பெட்டி என்னுது, மின்சாரம் என்னுது, பிள்ளை என்னுது. எப்படின்னு எழுதிப் போடு, நானே பண்ணுதேன்." ஷிஃபாவை அடுத்த பரீட்சைக்கு வேறு ஊரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கவைக்கலாமே என்று யாரோ சொன்னதற்கு, "பரீட்சை எழுத என் பிள்ளை அடுத்த வீட்டு விடியலைப் போயி இரவல் வாங்கணுமோ?" என்று கேட்டாள்.

அடுத்த பரீட்சைக்கு முந்தின நாள் விக்கியில் ஒரு பக்கம் வந்து முத்துவடிவின் அனுமதிக்காகக் காத்திருந்தது; புதுப் பக்கங்களை அவள் ஒரு தடவை செய்து பார்த்த பிறகுதான் வெளியே விடுவாள். தலைப்பு: 'பாஸ்வேர்ட் தெரியாத வீட்டுக்காரர் தன் பெட்டிக்குள் போவது எப்படி.' எழுதியது விருந்தாளி. முதல் வரி வழக்கமானது. பெட்டியை டிவியில் மாட்டு, கீபோர்டு செருகு, கரண்டைப் போட்ட உடனே இந்த விசையை அழுத்திப் பிடி, இந்த ஒரு வரியை அடி, புதுப் பாஸ்வேர்ட் வை, அப்புறம் கடிகாரத்தை நம்ம ஊருக்கு மாற்று. மொத்தம் ஒன்பது வரி. முத்துவடிவு கடையிலிருந்த பழைய பெட்டியில் செய்து பார்த்தாள், திறந்துகொண்டது. அனுமதிப் பொத்தானை அழுத்தினால் முந்நூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் போய்விடும். ஆனால் கேட்காமல் எடுத்தால் நாளைக்குத் திருட்டு என்பார்கள். ஒரு தடவை கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள்.

பரீட்சை பத்து மணிக்கு. எட்டு மணிக்குக் கேட்டாள். தில்லைநாயகம் பிள்ளையார் படத்துக்கு ஊதுபத்தி காட்டிவிட்டுத் திரும்பினார்.

"என்னட்டி, விளையாடுதியா? ஆளாளுக்குக் கடிகாரத்தை மாத்திட்டா அப்புறம் நான் எதுக்கு?"

"அதையேதான் அண்ணாச்சி நானும் கேக்கேன்."

"வாயி... வாயி மட்டும் காசிமேசர்புரம் வரைக்கும் நீளுது. அங்கன புருஷன் எந்திரிக்கும்போது இங்கன பொண்டாட்டி எந்திரிக்கா. இது பாவமாட்டி? என் வீட்டுல பாரு. மவன் அமெரிக்காவுல. உங்க ஆச்சி அவன் நேரத்துலதான் இருக்கா. ஒரு நாள் ஒரு வார்த்தை கேட்டிருப்பாளா?"

அது உண்மைதான். தில்லைநாயகத்தின் வீட்டில் விடிவது சாயங்காலம் ஐந்து மணிக்கு. மனைவி அகிலாண்டேஸ்வரி ஏழு வருடமாக ஊர் உச்சிவெயிலில் ராத்திரியும் ஊர் ராத்திரியில் பகலும் வைத்திருந்தாள். அமெரிக்காக்காரன் கடிகாரத்தைத் திருகும்போதெல்லாம், வருடத்துக்கு இரண்டு முறை, அந்த வீட்டில் ஒரு மணி நேரம் காணாமல் போகும், பிறகு திரும்பி வரும். தில்லைநாயகம் தூங்குவது கடை மாடியில். வீட்டுக்குப் போவது புதுப் பெட்டிகளைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துத் தயார் செய்வதற்கு மட்டும். அவர் பெட்டி திறப்பதை எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்த ஒரே ஆள் அகிலாண்டேஸ்வரி.

"கடைசியாக் கேக்கேன் அண்ணாச்சி. தருவியளா, மாட்டியளா?"

"மாட்டேன்."

முத்துவடிவு அவர் கண் முன்னாலேயே போனை எடுத்துப் பொத்தானை அழுத்தினாள். மணி எட்டே கால். இருட்டுக்குள் கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்த ஜன்னத் ஒன்பது வரியையும் விரலால் தொட்டுத் தொட்டுச் செய்தாள். எட்டு இருபத்தாறுக்கு அந்த வீட்டில் விடிந்தது. அதுவரை சேர்ந்திருந்த பாக்கி வெயில் முழுவதும் ஒரே நிமிடத்தில் கூடத்தில் வந்து விழுந்தது. பால் பொங்கியது, மொட்டு மல்லிகை மலர்ந்து முடித்தது. "முத்து, விடிஞ்சிட்டு! பிள்ளை பல்லு தேய்க்கா!" என்று போனில் அவள் போட்ட சத்தம் கடைக்கு வெளியே ஆட்டோ ஸ்டாண்டு வரை கேட்டது. பிறகு எதிர் வீடு. பிறகு அதற்கு அடுத்த வீடு. ரெபேக்காள் தன் தெருவில் ஆறு வீட்டுக்கு நேரில் போய்ப் பக்கத்தை வாசித்துக் காட்டினாள். ஒன்பது மணிக்குள் நூற்று நாற்பது வீடு ஊர் நேரத்துக்கு வந்துவிட்டதாகக் கலங்கலில் பதிவு இருக்கிறது. ஷிஃபா ஒன்பதே முக்காலுக்குப் பரீட்சை ஹாலில் இருந்தாள். வெள்ளிக்கிழமை மட்டும் தம்மாம் நேரத்துக்கு வீட்டை மாற்றிவைப்பது எப்படி என்று ஜன்னத் அப்புறம் ஒரு பக்கம் எழுதினாள். மசூதுக்கு அன்றுதான் லீவு. இன்றைக்கும் வெள்ளிக்கிழமைகளில் சேக் தாவூது அந்த வீட்டுக்கு எட்டே முக்காலுக்குத்தான் பால் கொண்டுபோகிறார்.

கடையில் தில்லைநாயகத்தின் போன் விடாமல் அடித்தது. ஒவ்வொன்றாக எடுத்தார், ஒவ்வொரு முறையும் முகம் இறங்கியது. பத்தாவதோ பதினொன்றாவதோ அழைப்பு வீட்டிலிருந்து வந்தது. பதற்றத்தில் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார்.

"ஏங்க, இங்கன விடிஞ்சிட்டு," என்றாள் அகிலாண்டேஸ்வரி. "நாந்தான் மாத்துனேன். காப்பி போட்டிருக்கேன், வாரீங்களா? அப்புறம், அந்தப் பிள்ளை அங்கன நிக்காளா? விருந்தாளின்னு போட்டிருக்கதை எடுத்துட்டு என் பேரைப் போடச் சொல்லுங்க. முழுப் பேரும்."

தில்லைநாயகம் போனைச் சட்டைப் பையில் போட்டார். பிறகு வாசலைப் பார்த்தார்; வீட்டுப் பக்கம் எந்தத் திசை என்று யோசிப்பவரைப்போல இருந்தது. முத்துவடிவு அறுபத்தோரு பக்கத்திலும் பேரை மாற்றினாள். அதற்கு இரண்டு நிமிடம் ஆனது. கடை ஷட்டர் சாவியை மேஜையில் அவர் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

"ஏட்டி, சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுக்காமப் போறியே," என்றார் அவர்.

"இன்னைக்குக் கொண்டாரலை அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டு அவள் வெயிலில் இறங்கி நடந்தாள்.