கொட்டிலுக்கு இரண்டு வாசல்

பெட்டி அந்த ஒடுங்கின ஹோலுக்குள் திரும்பவில்லை. கால்மாடு முன்னறையை விட்டு வெளியே வந்துவிட்டது. தலைமாடு கதவோடு இடித்துக்கொண்டு நின்றது. லண்டன் ஹரோவில் இந்த வீடுகளைக் கட்டியவன் சாவை நினைத்துக் கட்டவில்லை. கறுப்புக் கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர் நால்வரும் பெட்டியை மெல்லக் கீழே வைத்துவிட்டு, சமையல் குசினிக்குள்ளால் பின்பக்கம் கொண்டுபோகலாமா என்று கல்யாணசுந்தரத்தைக் கேட்டார்கள்.

கொள்ளி வைக்கப் போகிறவன் அவன்தான். செத்துப்போன சபாரத்தினத்துக்குப் பிள்ளைகள் இல்லை. இருந்தது இந்த ஒரே தம்பி. வேட்டியோடு நின்றவன் சரியென்று தலையாட்டினான். மனம் என்னவோ வேறொரு பின்கதவில்தான் நின்றது. சந்தேகம் செத்தவீடு, கலியாணவீடு பார்த்தா வருகிறது?

அண்ணனும் தம்பியுமாகக் கெண்ட் பக்கம் ஒரு காட்டுத்துண்டு வாங்கி, ஞாயிறு ஞாயிறாகப் போய், தங்கள் கையாலேயே ஒரு மரக்கொட்டில் கட்டினார்கள். பலகை அறுத்ததும் கூரை போட்டதும் சிரிப்பும் பகிடியுமாகத்தான் நடந்தது. கடைசிச் சுவரை அடிக்கும்போதுதான் சபாரத்தினம், அதிலும் ஒரு வாசல் விடவேண்டும் என்றார்.

"இந்தச் சின்னக் கொட்டிலுக்கு ரெண்டு வாசல் ஏன் அண்ணை?"

"இருக்கட்டும்."

அந்த 'இருக்கட்டும்'தான் முள்ளாய்த் தைத்தது. ஊரிலே அண்ணன் தம்பி வீட்டில் இரண்டாவது வாசல் எப்போது வரும்? பங்கு பிரிக்கும்போது. வேலிக்கு நட்ட கதியால் அரையடி நகர்ந்ததற்குக் கோட்டில் வழக்காடின பரம்பரை இது. நடுவில் ஒரு தட்டி அடித்தால் போதும், முன்பக்கம் ஒருவருக்கு, பின்பக்கம் மற்றவருக்கு. அதற்குப் பிறகு அண்ணர் செய்ததெல்லாம் அவனுக்குக் கள்ளமாகவே பட்டது. பின்கதவிலிருந்து றோட்டு வரைக்கும் தனியாக வந்து பற்றை வெட்டிப் பாதை எடுத்திருந்தார். கொட்டிலில் கிடந்த அவனுடைய பழைய சப்பாத்தையும் காணவில்லை. கேட்டதற்கு, "கிடக்கும் எங்கையாவது" என்றார்.

புகைந்து புகைந்து, போன மாரியில் ஒருநாள் விறகுக் கட்டைகளை எல்லாம் பின்கதவுக்கு வெளியே அதோடு சேர்த்துத் தலையளவுக்கு அடுக்கிவிட்டு வந்தான். அண்ணர் ஏனென்று கேட்கவில்லை. ஆனால் ஒருதரம் போய் அதைப் பார்த்த பிறகு அங்கே அவர் ஓர் இரவும் தங்கவில்லை. பிடிபட்டதும் ஒதுங்கிவிட்டார், நான் நினைத்தது சரிதான் என்று கல்யாணசுந்தரம் பேச்சையும் குறைத்துக்கொண்டான். அப்படியே இருக்கையில்தான் வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சபாரத்தினம் விழுந்தார்.

"பின்னாலை வேண்டாம்."

பெட்டிக்குப் பக்கத்திலிருந்து அண்ணி சிவமலர் எழும்பி வந்து குசினி வாசலை மறித்து நின்றாள்.

"அண்ணி, ஹோலுக்குள்ளாலை பெட்டி திரும்பாது."

"போன் மேசையை எடு தம்பி. கதவைக் கழட்டு. என்ரை மனுசன் முன்வாசலாலை போகட்டும்." அவள் குசினியின் பின்கதவைத் திரும்பிப் பார்த்தாள். அதன் திறப்பு, எந்த நேரமும் திருப்பலாம்போல, பூட்டிலேயே தொங்கியது. அந்த வீட்டில் எப்போதும் அப்படித்தான். "இது அவர் ஓடுறதுக்கு வைச்சிருந்த கதவு."

"ஓடுறதுக்கோ?"

"எண்பத்திமூண்டு கலவரத்திலை, கொழும்பிலை வெள்ளவத்தையிலை நாங்கள் இருந்த வீட்டுக்கு ஒரு வாசல்தான். அந்த வாசல்லை வந்து நெருப்பு வைச்சிட்டாங்கள். ஜன்னலை உடைச்சுத்தான் குதிச்சம். வெறுங்காலோடை கண்ணாடிக்கு மேலை ஓடினது." அவள் மூச்சு வாங்கினாள். "நீ அப்ப இஞ்சை படிச்சுக்கொண்டிருந்தனி. தம்பிக்குச் சொல்லாதை, பயந்துபோவான் எண்டவர்."

கல்யாணசுந்தரம் பூட்டில் தொங்கிய திறப்பைப் பார்த்தான்.

"கொட்டிலுக்குப் பின்னாலை ஆரோ விறகு அடுக்கிக் கிடக்காம். இனி அங்கை எனக்கு நித்திரை வராது எண்டார். வேறை ஒண்டும் சொல்லேல்லை."

இதைச் சொல்லும்போது அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் போன் மேசையைத் தூக்கி மாடிப்படியில் வைத்தான். ஸ்குறூ டிரைவரைத் தேடி எடுத்து, முன்னறைக் கதவின் பிணைச்சலைக் கழற்றத் தொடங்கினான். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஸ்குறூ இரண்டு தரம் கீழே விழுந்தது. கதவு போனதும் பெட்டி திரும்பியது. சபாரத்தினம் முன்வாசலால் போனார்.

எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த அடுத்த ஞாயிறு கல்யாணசுந்தரம் தனியாகக் காட்டுக்குப் போனான். கோட்டைக் கழற்றி மரத்தில் கொழுவிவிட்டு, விறகை ஒவ்வொன்றாகத் தூக்கி அப்பால் போட்டான். மழை ஊறிய கட்டைகள் கனத்தன. பாதையில் பற்றை திரும்பவும் முளைத்திருந்தது.

கடைசிக் கட்டையை எடுத்தபோது, படிப்பலகைக்குக் கீழே ஒரு பொலித்தீன் பை செருகியிருந்தது தெரிந்தது. அடுக்கின அன்று, இருந்த கோபத்தில் அவன் குனிந்து பார்க்கவில்லை. பைக்குள் இரண்டு சோடி சப்பாத்து. ஒன்று அண்ணருடையது. மற்றது, அவன் காணவில்லையென்று தேடியது. இரண்டு சோடிக்கும், காலை நுழைத்த கையோடு ஓடக்கூடியதாக லேஸைத் தளர்த்தி விட்டிருந்தது.

படியில் குந்தி, தன்னுடையதைக் காலில் போட்டுப் பார்த்தான். பிறகு கழற்றி, இரண்டு சோடியையும் பைக்குள் வைத்து, இருந்த இடத்திலேயே செருகினான்.