மறுமுனையில் ஒரு கை

எங்கள் வீட்டில் என்னை இன்னமும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள். எனக்குக் கல்யாண வயது வந்து, அதைப் பற்றி எல்லோரும் பேசிப் பேசி ஓய்ந்தும் போயாகிவிட்டது. ஆனாலும் நான் பாப்பாதான். பீரோவை ஒற்றைக் கையால் தூக்குகிற பாப்பா.

நான் தவழ ஆரம்பித்தபோதே அம்மாவுக்குச் சந்தேகம் தட்டிவிட்டதாம். பந்து கட்டிலுக்கு அடியில் உருண்டு போனால் மற்றப் பிள்ளைகள் உள்ளே நுழைந்து எடுக்கும். நான் கட்டிலைத் தூக்கிவிட்டேன். கட்டிலின் மேல் அப்பா மதியத் தூக்கத்தில் இருந்தார். கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "கட்டிலுக்கு ஏதாச்சும் ஆச்சா?" வீடு மாறுகிறவர்களுடைய சாமானை ஏற்றி இறக்குவது அப்பாவின் தொழில். அவருக்கு அந்தக் கவலைதான் முதலில் வரும்.

அதற்கப்புறம் அம்மாவின் பிழைப்பே என் பின்னால் ஓடுவதாகிவிட்டது. "கதவைத் திறடின்னா கழட்டிக் கையில எடுத்துட்டு வந்து நிக்கிறியே!" என்று தலையில் அடித்துக்கொள்வாள். குழாயை மூடப் போனால் குழாய் கையோடு வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் கயிறு இழுக்கும் போட்டி வைத்தார்கள். அம்மா டீச்சரிடம் போய் எனக்கு மூச்சுத் தொல்லை என்று வாய் கூசாமல் பொய் சொல்லிவிட்டு வந்தாள். நான் ஓரமாக உட்கார்ந்து மற்றவர்களின் செருப்புக்குக் காவல் இருந்தேன். வந்த கோபத்தில் பெஞ்சை இறுக்கிப் பிடித்தேன். ஒரு துண்டு பெஞ்சு என் கையில் இருந்தது.

எதற்கு இத்தனை ஒளிவுமறைவு என்று கேட்பீர்கள். ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரரின் கார் சாக்கடைக்குள் இறங்கிவிட்டது. பார்க்கப் பாவமாக இருந்ததே என்று நான் தூக்கி ரோட்டில் வைத்தேன். மறுநாள் காலையில் எங்கள் வாசலில் கூட்டம். ஒருத்திக்கு மூடி திறக்காத ஜாடி. ஒருவருக்குத் துருப்பிடித்த கேட். மாடி வீட்டுப் பெரியவர் ஒருவர், தன்னையே தூக்கிக்கொண்டு போய் மாடியில் விடச் சொன்னார்.

அப்பா கூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "முடியாதுன்னு சொன்னா பகை. சரின்னு சொன்னா இவ ஆயுசு முழுக்க ஜாடி திறந்துட்டு இருப்பா." அந்த வாரமே எங்கள் சாமானை எங்கள் லாரியிலேயே ஏற்றிக்கொண்டு ஊரின் அடுத்த கோடிக்குக் குடி போனோம். புது வீட்டு வாசலில் வைத்து அப்பா சட்டம் போட்டார். "இனிமே பாப்பா எதைத் தூக்கினாலும் மறுமுனையில இன்னொரு கை இருக்கணும்."

அந்தக் கை அண்ணனுடையது.

அண்ணன் என்னைவிட இரண்டு வயது பெரியவன். ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. ஒரு வாளித் தண்ணீரை இரண்டு கையாலும் தூக்கி, வழியில் வைத்து இளைப்பாறித்தான் கொண்டு வருவான். ஆனால் நடிப்பு இருக்கிறதே! அப்பாவின் லாரியில் நாங்கள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு: நான் தூக்குவேன், அவன் முக்குவான். கனமெல்லாம் கீழ்ப்பக்கம் விழும் என்பதால், படியில் இறங்கும்போது கீழே பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடப்பது எப்போதும் நான். மேலே என்னைப் பார்த்தபடி அவன். ஒவ்வொரு படிக்கும் அடிவயிற்றிலிருந்து ஒரு "ஹும்ம்". திருப்பம் வந்தால் நீளமாக ஒன்று. நடுநடுவே "இடது, இடது, குனி, கம்பி" என்று வாய் ஓயாது. முழு பீரோவும் என் கையில் இருக்கும். அவன் விரல்கள் அதில் தூசி தட்டிக்கொண்டிருக்கும். வியர்வைக்காக, வேலைக்கு முன்னால் கழுத்தில் பாட்டில் தண்ணீரைக் கவிழ்த்துக்கொள்வான்.

பலன், அவனுக்குப் பயில்வான் என்று பெயர் வந்தது. எனக்கு என்ன வந்தது தெரியுமா? "பாவம் அந்தத் தம்பி, எவ்ளோ கஷ்டப்படுறாரு. முதல்ல அவருக்கு ஜூஸ் குடுங்க" என்பார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீயும் ஒரு கை பிடிச்சியாம்மா? சமத்து!"

சமத்தாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்னை ஊருக்கெல்லாம் தெரிய வேண்டாம், மேடையில் ஏற்ற வேண்டாம். எங்கள் வீட்டு ஆள் இல்லாத யாராவது, ஒரே ஒரு ஆள், என் முகத்தைப் பார்த்து 'நீதானே தூக்கினே' என்று சொன்னால் போதும். எனக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். அதற்காக வருஷக்கணக்கில் பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தேன்.

இப்படி இருக்கையில்தான் பல் டாக்டர் வந்து சேர்ந்தாள். சின்ன உருவம், சின்னக் குரல். பேசும்போது நம் கண்ணைப் பார்க்காமல் வாயையே பார்ப்பாள். அவள் மூன்றாம் மாடியில் கிளினிக் திறந்தபோது அவளுடைய பீரோவை நாங்கள்தான் ஏற்றிக் கொடுத்தோம்; அவளும் கூடவே ஏறி வந்தாள். அடுத்த வாரமே அண்ணனுக்குப் பல்வலி. அது சரியானதும் பக்கத்துப் பல்லில் வலி. வாயிலிருக்கிற அத்தனை பல்லும் வரிசையில் நின்று வலித்து முடித்தபோது, இருவரும் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவாகியிருந்தது.

மாடி ஏற முடியாத நோயாளிகள் பாதியிலேயே திரும்பிப் போகிறார்கள் என்று அவள் அதே கட்டடத்தின் தரைத்தளத்துக்குக் கிளினிக்கை மாற்றினாள். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. நோயாளியைச் சாய்த்து உட்கார வைத்துப் பல் பார்க்கிற அந்தப் பெரிய நாற்காலியையும் படிவழியாகத்தான் இறக்க வேண்டும். லாரியில் போகும்போது அண்ணன் நகத்தைக் கடித்துக்கொண்டே வந்தான்.

"பாப்பா, இன்னைக்கு மட்டும் கொஞ்சம் பார்த்து நடந்துக்கோ. நீ ரொம்ப அலட்சியமா தூக்குற. கொட்டாவி வேற விடுற. அவங்க பக்கத்துலயே நிப்பாங்க."

"அவங்ககிட்ட நீ இன்னும் உண்மையைச் சொல்லலையா?"

"எப்படிச் சொல்றது? அன்னைக்கு பீரோ தூக்கினதைப் பார்த்துத்தான் பிடிச்சுதுன்னு சொன்னாங்க. அவங்க அம்மா அடுத்த வாரம் நம்ம வீட்டுக்கு வர்றாங்க. பீரோவை எடுத்துட்டா என்கிட்ட மிச்சம் என்ன இருக்கு?"

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. சரி, போகட்டும் என்று கொட்டாவியை அடக்கிக்கொள்ளத் தீர்மானித்தேன். அவன் அத்தோடு வாயை மூடியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மாடியில் டாக்டர் கதவருகே நின்றாள். தரையோடு முடுக்கியிருந்த ஸ்குரூவையெல்லாம் கழற்றி, நாற்காலியைப் போர்வையில் சுற்றிக் கயிறு கட்டினோம். அவள் என்னைப் பார்த்து, "நீங்க எந்தப் பக்கம் பிடிப்பீங்க?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான். "அவ சும்மா துணைக்கு வருவா டாக்டர். பார்த்துக்க ஒரு ஆள் வேணும்ல."

சும்மா. துணைக்கு. எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது. ஆனால் குரலை உயர்த்தவில்லை. நியாயமாகவே நடந்துகொள்வோம் என்று முடிவு செய்தேன். என் பங்கு பாதி. பாதியை மட்டும் தூக்குவேன்.

முதல் சில படிகளுக்குப் பழக்கதோஷத்தில் முழுசாகவே தூக்கினேன். அண்ணன் டாக்டர் காதில் விழும்படி முக்கிக்கொண்டிருந்தான். திருப்பத்துக்கு முந்தின படியில், நான் என் பாதியை வைத்துக்கொண்டு அவன் பாதியை அவனிடம் கொடுத்தேன்.

இத்தனை வருஷத்தில் அவன் உண்மையாக முக்கி நான் கேட்டதில்லை. அது "ஹும்ம்" இல்லை. "ஈ" என்று ஒரு சின்ன சத்தம், எலிக்குட்டி மாதிரி. அப்படியே பின்னால் படியில் உட்கார்ந்தான். எல்லோரும் அந்த நாற்காலியில் உட்காருவார்கள். அது என் அண்ணன் மடியில் உட்கார்ந்தது.

கீழே லாரியருகே நின்ற அப்பாவின் குரல் வந்தது. "என்ன சத்தம்? சாமானுக்கு ஏதாச்சும் ஆச்சா?"

கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஒற்றைக் கையால் நாற்காலியை வெடுக்கென்று தூக்கித் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் அவனைத் தொட்டுப் பார்த்தேன். "அண்ணா, அடிபட்டுச்சா? அண்ணா!"

டாக்டர் மேல்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் நடிகன் நடிகன்தான். "பார்த்தீங்களா டாக்டர், இதுக்குப் பேருதான் பேலன்ஸ்... நான் இந்தப் பக்கம் அழுத்தினா அது தானா அந்தப் பக்கம் மேல..."

"வாயைத் திறங்க," என்றாள் டாக்டர். படியில் மண்டியிட்டு அவன் தாடையைப் பிடித்து, இரண்டு விரலை உள்ளே விட்டுப் பல் பல்லாக அசைத்துப் பார்த்தாள். அண்ணனால் "ஆ" என்பதைத் தவிர எதுவும் சொல்ல முடியவில்லை. அவள் தலையைத் திருப்பாமலே என்னிடம் பேசினாள்.

"அன்னைக்கு பீரோவை நீங்கதானே தூக்கினீங்க?"

நான் வருஷக்கணக்காகக் காத்திருந்த வார்த்தை. அது வந்தபோது நான் ஒரு நாற்காலியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன். "ஆமா" என்று சொல்வதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

"எப்படித் தெரியும்?"

"கனத்தைத் தூக்குறவங்க பல்லைக் கடிப்பாங்க. இவர் வாய் நிறையப் பேசிட்டே வந்தார். தாடை இறுகவே இல்லை."

"ஆ, ஆ," என்றான் அண்ணன்.

"அப்புறம் ஏன் கேட்கல?"

"அவ்வளவு பாடுபட்டு முக்குறார். எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்." அவள் விரலை வெளியே எடுத்தாள். "பல்லு நல்லாத்தான் இருக்கு. நாக்கைக் கடிச்சிருக்கார், அவ்வளவுதான்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். "பீரோ தூக்கினதைப் பார்த்துப் பிடிச்சுதுன்னு சொன்னீங்களே" என்று முணுமுணுத்தான்.

"ஆமா, அன்னைக்குத்தான் பிடிச்சுது. நீங்க பீரோவைப் பார்க்கவே இல்லை. மூணு மாடியும் உங்க தங்கச்சி காலையே பார்த்துட்டு வந்தீங்க."

இதைக் கேட்டு நான் நெகிழ்ந்து போயிருக்க வேண்டும். ஆனால் எனக்கு ரோஷம் வந்தது. இவ்வளவு நேரம் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவள், கடைசியில் பாராட்டைத் தூக்கி அவனிடமே கொடுத்துவிட்டாளே! "நீங்க ரெண்டு பேரும் பேசிட்டு வாங்க. நானே இறக்கிடுறேன்" என்று சொல்லிவிட்டு, நாற்காலியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, வழக்கம்போல் பின்பக்கமாக இறங்க ஆரம்பித்தேன்.

முதல் படியில் கைப்பிடிக் கம்பி வளைந்தது. அடுத்த படியில் சுவரிலிருந்து காரை ஒரு தட்டு அளவுக்குப் பெயர்ந்து விழுந்தது. நிமிர்ந்தேன். டியூப்லைட் உடைந்து தலையில் கொட்டியது. எத்தனை வீட்டுச் சாமானை இறக்கியிருக்கிறேன், ஒரு சுவரில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அது என் கைராசி என்று அதுவரை நினைத்திருந்தேன்.

ஒரு காலைத் தூக்கினேன். அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. படி இருக்கிறதா, திருப்பம் வந்துவிட்டதா? ஒரு லாரியையே தூக்கக்கூடியவள், என் சொந்தக் காலை வைக்க இடம் தெரியாமல், கொக்கு மாதிரி நின்றேன். கூப்பிடவும் வாய் வரவில்லை.

மேலே ஒற்றைச் செருப்பின் சத்தம் கேட்டது. மற்றச் செருப்பு அவன் விழுந்தபோதே எங்கேயோ போய்விட்டது. அண்ணன் நொண்டிக்கொண்டே இறங்கி வந்து, நாற்காலியின் மறுமுனையில் கை வைத்தான். தூசி தட்டுகிற அதே விரல்கள்தான்.

"கண்ணாடி கிடக்கு, வலது பக்கம் வராத. இடது கால். இப்ப வை. ஹும்ம்."

காலை வைத்தேன். அங்கே படி இருந்தது.

"ஹும்ம்," என்றான் மறுபடியும். அடுத்த படி.

டாக்டர் மேலிருந்து எட்டிப் பார்த்தாள். "எனக்குத்தான் எல்லாம் தெரிஞ்சு போச்சே. இன்னும் எதுக்கு முக்குறீங்க?"

அண்ணன் என் காலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது உங்களுக்காக இல்லைங்க. அதைக் கேட்டாத்தான் இவளுக்குக் கால் எடுத்து வைக்க வரும்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். நான் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, அடுத்த படிக்கு அவன் முக்குவதற்காகக் காத்திருந்தேன்.