புல்தரையில் மெழுகுவர்த்தி

கல்லறைத் திருநாளன்று இருதயம்மா கறுப்புக் கண்ணாடியும் வெயில் தொப்பியும் போட்டுக்கொண்டு ஹோட்டல் வாசலில் நின்றாள். இலங்கை மலைநாட்டு எல்ல ஊருக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து மயானமாக இருந்த மேட்டைத் தோட்டக் கம்பனி ஹோட்டலுக்குக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டது. சிலுவைகளைப் பிடுங்கிவிட்டுப் புல் பதித்தார்கள். லயத்து வரிசைவீடுகளில் குடியிருக்கும் தோட்டத் தொழிலாளர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. அதனால்தான் பெண்கள் எல்லாரும் சுற்றுலாப் பயணிகளாக வேடம் போட்டு வந்திருந்தார்கள்.

"எந்த நாட்டுலருந்து வாறீங்க, மேடம்?" காவலுக்கு நின்ற ஜெஸ்டின் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டான். அவனும் அவள் இருக்கும் மேல் டிவிசன் லயத்துக்காரன்தான்.

"மேல் டிவிசன் நாட்டுலருந்து. கதவத் தொறடா."

பெண்கள் புல்லில் பாய் விரித்து மெழுகுவர்த்தி கொளுத்தினார்கள். கணவரைப் புதைத்த இடத்தைத்தான் இருதயம்மாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே புல்.

விருந்தினர்கள் படம் எடுத்தார்கள். விரட்ட வந்த மேனேஜர் அதைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. சனிக்கிழமை சாயந்தரமும் வந்து கொளுத்துறீங்களா? கெஸ்ட்டுங்க விரும்புறாங்க."

"வாறோங்க. எங்க வீட்டுக்காரரு எங்க இருக்காருன்னு மட்டும் காட்டுங்க" என்றாள் இருதயம்மா.

மேனேஜர் புல்லைப் பார்த்தார். கடைசியில் அவள் நின்ற இடத்திலேயே மெழுகுவர்த்தியை ஊன்றினாள். அது யாருடைய தலைமாடோ என்று அஞ்சியவள்போல் கொஞ்சம் விலகி முழந்தாளிட்டாள்.