ஊற்றடியில் ஒரு புட்டி

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நூமா மலையேறிக் காட்டு ஊற்றுக்குப் போய்விடுவான். திரும்பும்போது மீசையில் சோம்பு வாசம் இருக்கும். ஊற்றுக்கல்லின் இடுக்கில், வருகிறவர்கள் குடிக்கட்டும் என்று அதே ஊர்க்காரி மத்தில்த் ஒரு புட்டி அப்சிந்த் சாராயம் ஒளித்துவைப்பது மோத்தியே ஊர் போலீஸ்காரருக்கே தெரியும். அரசாங்கம் தடைபோட்டு இத்தனை காலமாகியும் அங்கே காய்ச்சாத வீடு குறைவு. நூமாவின் மனைவி ஓடெத்தும் துணி வெளுக்கும் அறையில் காய்ச்சுகிறவள்தான்.

"உன்னோடதும் நல்லாத்தான் இருக்கு" என்பான் நூமா. அந்த 'உம்' அவளை அறுத்துக்கொண்டே இருந்தது.

ஒரு சனிக்கிழமை பின்னல் பைக்குள் தன் சரக்கோடு ஓடெத் மலையேறினாள். மத்தில்த்தின் புட்டியிலிருந்து கொஞ்சம் ஊற்றி, ஊற்றுநீர் கலந்து, பால்போல் வெளுத்ததும் குடித்தாள். கசப்புக்குப் பின்னால் புதினா மெல்ல வந்தது. நன்றாக இருந்ததுதான் தாங்க முடியவில்லை. மிச்சத்தைப் பாசியில் கவிழ்த்துவிட்டுத் தன்னுடையதை அந்தப் புட்டியில் நிரப்பி வைத்தாள்.

மறுநாள் நூமா முகம் சிவக்க வந்தான். "இன்னிக்கு மத்தில்த் அசத்திட்டா! இப்படி ஒண்ணை நீ ஒரு நாளும் காய்ச்சினதில்ல."

சிரிக்கலாம் என்றுதான் நினைத்திருந்தாள். சிரிப்பு வரவில்லை.

"அது என்னோடது. நேத்து நான்தான் மாத்தி ஊத்தினேன்."

நூமாவுக்குக் காதுவரை சிவந்தது. தொப்பியை எடுத்தான், திரும்பவும் மாட்டினான்.

"நாங்க சும்மா பேசிக்கிட்டுதான் இருப்போம், ஓடெத்."

மத்தில்த்தும் அங்கே வருவாளா என்று அவள் கேட்டிருக்கவே இல்லை.

அடுத்த ஞாயிறு நூமா வீட்டிலேயே இருந்தான். ஓடெத் ஏறிப் போனாள். மத்தில்த் கல்மேல் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் இரண்டு கண்ணாடித் தம்ளர்கள். எழுந்திருக்கவில்லை.

"ஒரு வாய் வச்சதுமே தெரிஞ்சுபோச்சு, என்னோடது இல்லேன்னு. அவன்கிட்ட சொல்லல."

"ஏன் சொல்லல?"

"நல்லா இருந்துச்சுடி. எனக்கே வயிறு எரிஞ்சுது."

மத்தில்த் புட்டியிலிருந்து நூமாவின் தம்ளரில் ஊற்றி, ஊற்று சொட்டும் இடத்தில் பிடித்தாள். துளித்துளியாக விழ விழ அடியிலிருந்து வெண்மை ஏறியது. விளிம்புவரை வெளுத்ததும் அதை இருவருக்கும் நடுவே கல்லில் வைத்தாள். யாரும் கையை நீட்டவில்லை.