பக்கத்து சீட்டு பிரேக்

ஊருக்கெல்லாம் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் கட்டின புருஷனைக் கண்டுகொள்ளவில்லை என்று மாமியார் சொல்வதில் அரைவாசி உண்மை இருந்தது. மீதி அரைவாசி, அந்தப் புருஷன் ஸ்டியரிங்கைக் கண்டாலே காத தூரம் ஓடுகிறவன். பேக்கரியில் ரொட்டி போடுவது அவன் வேலை. தகிக்கிற அடுப்புக்குள் கையை விட்டுத் தட்டை இழுக்கும்போது கண்ணைக்கூட இமைக்க மாட்டான். வண்டியில் உட்கார வைத்தால் மட்டும் உள்ளங்கை வியர்த்து ஊற்றும்.

அப்படிப்பட்டவன், அவள் மறுபடி உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த வாரமே எதிரில் வந்து நின்று, "எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்குடு" என்றான். அவள் ஏன் என்று கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

போன தடவை, ஐந்தாம் மாதத்தில், பட்டப்பகலில் அவளுக்கு வலி கண்டது. டாக்ஸி இதோ வருகிறது, அதோ வருகிறது என்று வாசலில் நின்று பார்த்தார்கள். கடைசியில் அவளே டிரைவிங் ஸ்கூல் வண்டியின் சாவியை எடுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரை அவளே ஓட்டினாள். அவன் அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். குழந்தை தங்கவில்லை. முன்னாலேயே வந்திருந்தாலும் தங்கியிருக்காது என்று டாக்டர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். அது அவன் காதோடு நின்றுவிட்டது. அன்றிலிருந்து அந்தக் கைப்பை அலமாரியின் உச்சியில் கிடக்கிறது, அவன் அதைத் தொடுவதில்லை.

ஆகவே பாடம் ஆரம்பமானது. வண்டிக்குள் ஏறிவிட்டால் அவள் டீச்சர், அவன் சார். மற்ற மாணவர்களுக்கு என்ன மரியாதையோ அதுதான் இவனுக்கும்.

"சார், கண்ணாடியப் பாருங்க."

"பாத்துட்டேன் டீச்சர்."

"என்னைப் பாக்கறீங்க. கண்ணாடியப் பாருங்க."

முதல் பாடம் அவள் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் சொல்வாள். கிளட்சைப் பாதி விடச் சொல்லிவிட்டு, "இப்ப பிரேக்ல இருந்து காலை எடுங்க. மெதுவா. வண்டி தானா நகரும், பயப்படாதீங்க" என்பாள். அந்தக் காலை எடுப்பதற்குள் அவன் அவளைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. எடுத்ததும் வண்டி நகர்ந்தது. "நகருது! ஏய், நகருது!" என்று அவன் கத்தியதில், மைதானத்தில் திரிந்துகொண்டிருந்த நாய் ஒன்று தலை தெறிக்க ஓடியது. டீச்சர் என்பதை மறந்து அவள் அவன் கன்னத்தைக் கிள்ளினாள்.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. ஆச்சரியம் என்னவென்றால், அவன் பிரேக் போடுவது அவ்வளவு அழகாக இருந்தது. குலுங்காமல், முன்னால் தள்ளாமல், வண்டி வெண்ணெய் மாதிரி நிற்கும். லைசன்ஸ் டெஸ்டிலும் பக்கத்து சீட்டில் அவள்தான். பின்சீட்டில் உட்கார்ந்திருந்த அதிகாரிகூட, "பிரேக்கிங் நல்லா வருதே" என்றார். அன்று முழுக்க அவன் கால் தரையில் படவில்லை. பேக்கரியில் கேட்டவர்களுக்கும் சொன்னான், கேட்காதவர்களுக்கும் சொன்னான்.

மாதங்கள் ஓடின. டிரைவிங் ஸ்கூல் முதலாளி அவளுக்கு விடுப்பு கொடுத்து, பிரசவம் முடிகிறவரை வைத்துக்கொள் என்று பழைய பயிற்சி வண்டி ஒன்றையும் கொடுத்தார். வீட்டில் மாமியார் பழைய பருத்தித் துணிகளையெல்லாம் கொதிக்க வைத்து, அலசி, பால்கனிக் கம்பியில் உலர்த்தி, மடித்து, மடித்ததில் திருப்தி வராமல் திரும்பப் பிரித்து மடித்தாள். இருக்கிற ஒரே படுக்கையறையில் குழந்தையின் கட்டிலை எந்த மூலையில் போடுவது என்பதில் அம்மாவுக்கும் மகனுக்கும் தினம் ஒரு சண்டை. கட்டில் பாவம், அறையைச் சுற்றிச் சுற்றி வந்தது. சாயங்காலமானால் மூன்று பேரும் வண்டியில் ஏறி, ஆஸ்பத்திரி வாசல் வரை போய்த் திரும்புவார்கள். அவன் ஓட்டுவான். அவள் பக்கத்தில். மாமியார் பின்னால், கிரிக்கெட் வர்ணனைக்காரர் மாதிரி வாய் ஓயாமல்.

வயிறு வளர வளர அவளுடைய சீட்டு பின்னால் போனது. "உங்க பிள்ளைக்கு இப்பவே தனி ரூம் வேணுமாம்" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் தள்ளிவிடுவாள். ஒன்பதாவது மாதத்தில் ஒரு நாள், ஆஸ்பத்திரி போய்த் திரும்பி வீட்டை நெருங்கும்போது மூச்சு முட்டியது. சீட்டைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளி, காலை நீட்டிச் சாய்ந்துகொண்டாள்.

அன்றுதான் அது நடந்தது. அடுக்குமாடி வீட்டின் கார் நிறுத்தும் இடத்தில் வண்டியை விட்டான். எதிரே சுவர். சுவருக்கு முன்னால் யாரோ வைத்த பிளாஸ்டிக் டிரம். வழக்கம்போல் கிளட்சை மிதித்தான், வழக்கம்போல் பிரேக்கில் காலை வைத்தான். வண்டி வழக்கம்போல் நிற்கவில்லை. ஆற அமரப் போய் டிரம்மை முட்டி, டிரம் சுவரை முட்டி, மூடி கழன்று உருண்டது. அப்புறம்தான் நின்றது.

அடி ஒன்றும் பெரிதில்லை. ஆனாலும் அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே பிள்ளை ஓர் உதை விட்டது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"என்னடா இது, நேரா சுவத்துக்குள்ள போற?" என்றாள் மாமியார்.

அவன் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. "பிரேக் பிடிக்கலம்மா! காலை வெச்சேன். எப்பவும் இப்படித் தொட்டாலே நின்னுடுமே!"

தொட்டாலே நின்றுவிடுமாம். அவள் தன் வலது காலைக் குனிந்து பார்த்தாள். வயிறு மறைத்தது. ஆனால் கால் எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. பாதம் வெறும் தரைவிரிப்பை அழுத்திக்கொண்டு, எட்டாத தூரத்தில் இருந்த பிரேக்கைத் தேடிக்கொண்டிருந்தது.

சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்தால் ஓட்டுகிறவர் காலடியில் இருக்கும் பிரேக்கும் சேர்ந்து கீழே இறங்கும். மற்ற மாணவர்கள் ஓரளவு பழகியதும் அவள் காலை இழுத்துக்கொண்டுவிடுவாள். இடிக்கட்டும், பயப்படட்டும், கற்றுக்கொள்ளட்டும். இவன் விஷயத்தில் அந்தக் கால் அவளைக் கேட்காமலேயே அங்கேயே தங்கிவிட்டது. அவன் தொடுவான், அவள் மிதிப்பாள், அவன் காலடியில் பெடல் மெல்ல இறங்கும். தன் கால்தான் இறக்குகிறது என்று அவன் நம்பினான். அவளும் அப்படித்தான் நம்பினாள், அதுதான் கூத்து.

மறுநாள் அவன் மெக்கானிக் ஒருவனைக் கூட்டிவந்து வண்டியைப் பார்க்கச் சொன்னான். மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து சிரித்தான். "பிரேக் கல்லு மாதிரி பிடிக்குதுண்ணே. உங்க காலைத்தான் சர்வீஸுக்கு விடணும்."

வீட்டுக்குள் வந்தவன் சாவியை ஆணியில் மாட்டினான். "எனக்கு இது வராது. டாக்ஸிக்காரன் ஒருத்தன்கிட்ட சொல்லி வெச்சிடறேன். நமக்கெதுக்கு வம்பு?"

அவள் கட்டிலில் உட்கார்ந்து மாமியார் மடித்த துணிகளைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. டாக்ஸி வரும், போய்விடலாம், பிள்ளை பிறந்துவிடும். ஆனால் இவன் இதற்கும் தன்னைத்தானே நொந்துகொண்டு ஆயுசுக்கும் ஒரு பையைத் தொடாமல் இருப்பான். அதை நினைக்க அவளுக்குத் தாங்கவில்லை.

"ஏங்க, இங்க வந்து உக்காருங்க" என்று கூப்பிட்டு, எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப டெஸ்ட்ல பாஸானதும் நீதானா?"

"பாதிதான் நான். ஸ்டியரிங் நீங்கதான்."

அவள் சிரிக்க வைக்கப் பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை. "போன தடவை மாதிரியேதான். நீ ஓட்டின, நான் சும்மா உக்காந்திருந்தேன்."

அவன் கையை இழுத்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். "உங்கள நம்பாம இல்லங்க. உங்களுக்கு ஒரு சின்ன அடி படறதக்கூட என் கால் பாத்துக்கிட்டு இருக்க மாட்டேங்குது. அதுக்கு நான் என்ன பண்ண?" என்று கேட்டாள். கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது. அவன் பதறிப்போய், கையில் கிடைத்த குழந்தைத் துணியை எடுத்து அவள் கண்ணைத் துடைத்தான்.

"அத வெச்சுத் துடைக்காதடா, கொதிக்க வெச்சது!" என்று அடுக்களையிலிருந்து மாமியார் சத்தம் போட்டாள். இவ்வளவு நேரமும் அவள் கண்ணும் காதும் இங்கேதான் இருந்திருக்கின்றன.

அடுத்த நாளிலிருந்து ஏற்பாடு மாறியது. டீச்சர் பின்சீட்டில். அவளுடைய இடத்தில் மாமியார், காலைத் தூக்கி சீட்டின் மேலேயே சம்மணம் போட்டுக்கொண்டு. கால் கீழே இறங்கக் கூடாது என்பது டீச்சர் உத்தரவு.

"கோயில் சிலை மாதிரி ஒக்காத்தி வெச்சிருக்கீங்க" என்று மாமியார் முணுமுணுத்தாள். அதற்குள் அவன் பிரேக்கை ஓங்கி மிதிக்க, சிலை முன்னால் போய்த் திரும்பி வந்தது. "டேய்! பெத்தவளக் கொன்னுடாதடா!"

முதல் நாட்கள் அப்படித்தான் போயின. தொட்டால் நிற்கவில்லை, மிதித்தால் தூக்கிப் போட்டது. பின்சீட்டில் அவள் கால் தரையை அழுத்தி அழுத்திக் கெண்டைச் சதை வலித்தது. வாயைத் திறந்து யோசனை சொன்னால் அவன் இன்னும் தடுமாறினான். சொல்லாமல் இருப்பது அவளுக்குப் பிள்ளை சுமப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒரு நாள் அவன் தானாகவே, "மாவை அமுக்கற மாதிரிதான். முதல்ல கொஞ்சம், அப்புறம் முழுசா, கடைசில கொஞ்சம் விடணும்" என்று தனக்குள் பேசிக்கொண்டு காலை வைத்தான். வண்டி நின்றது. மாமியார் சம்மணம் கலையாமல் இருந்தாள்.

"இத இத்தன வருஷமா ரொட்டிக்கு மட்டும் பண்ணிட்டிருந்தியேடா" என்றாள் மாமியார்.

வலி வந்ததும் ஒரு பகலில்தான். மாமியார் போன் போட்டாள். அவன் கையில் ஒட்டிய மாவோடு ஓடி வந்தான். சாவியை எடுத்தான். பிறகு நாற்காலி போட்டு ஏறி, அலமாரி உச்சியிலிருந்து அந்தக் கைப்பையையும் எடுத்தான். தூசியைத் தட்டி மாமியார் கையில் கொடுத்தான். அவள் வலியோடு வலியாக அதைப் பார்த்தாள்.

பள்ளிக்கூடம் விடுகிற நேரம். தெரு நெடுக பிள்ளைகள். ஒவ்வோர் இடத்திலும் அவன் நிறுத்தினான், எடுத்தான், நிறுத்தினான். வலியில் அவள் பின்சீட்டில் சுருண்டு கிடந்தாலும் உடம்பு கணக்குப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஒரு முறைகூடக் குலுங்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றதே அவளுக்குத் தெரியவில்லை. கதவைத் திறந்து, "வந்துட்டோம்" என்று அவன் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

பிரசவ அறையில் அவனையும் அவள் பக்கத்தில் இருக்க விட்டார்கள். வலி ஏறிக்கொண்டே போனது, பிள்ளை மட்டும் இறங்குவதாக இல்லை. "உடம்ப இறுக்காதீங்கம்மா, தளர விடுங்க" என்று நர்ஸ் திரும்பத் திரும்பச் சொன்னாள். தளர விடுவதாம்! போன தடவை போனது அவளுக்கு மட்டும் மறந்துவிட்டதா? ஒவ்வொரு வலிக்கும் பயம் அவளைப் பந்தாகச் சுருட்டியது. இதுவும் போய்விடுமோ, இதுவும் போய்விடுமோ என்று உடம்பு மொத்தமும் பிடித்துக்கொண்டது.

அவன் அவள் காலைப் பார்த்தான். வலது பாதம் கட்டிலின் கம்பியில் பதிந்து, விரல்கள் வெளுத்துப்போகும் அளவுக்கு அழுத்திக்கொண்டிருந்தது. குனிந்து அவள் காதோரம் பேசினான்.

"டீச்சர்."

அவள் கண்ணைத் திறந்தாள்.

"பிரேக்ல இருந்து காலை எடுங்க. மெதுவா. வண்டி தானா நகரும், பயப்படாதீங்க."

அந்த வலியிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் பாதம் கம்பியை விட்டு நழுவியது. அவன் அந்தப் பாதத்தை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். வியர்த்து ஊற்றுகிற அதே உள்ளங்கைதான், இப்போது உலர்ந்து வெதுவெதுப்பாக இருந்தது. "நகருது" என்றான். "ஏய், நகருது!"

பொழுது சாயும்போது பெண் பிறந்தாள். அறையே அதிரும்படி அழுதாள்.

நர்ஸ் பிள்ளையைத் துணியில் சுற்றி அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கிய விதம் அத்தனையும் தப்பு. ஒரு கை மேலே, ஒரு கை எங்கேயோ. டீச்சருக்கு வாய் துறுதுறுத்தது, கையும் பாதி தூரம் எழுந்துவிட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "டேய், தலைடா! தலையப் பாருடா! இங்க குடு!" என்று பாய்ந்தாள்.

அவள் எழுந்த கையால் மாமியாரின் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள்.

"விடுங்க அத்தை, அவரே பிடிக்கட்டும்."