தெரியுது மேடம்

வெளிச்ச வட்டத்தின் ஓரத்தில் கருப்பாய், வளைந்து, நுனி மெலிந்து ஒரு நூல், அசைகிறது, நிற்கிறது, மறுபடி அசைகிறது, கடல்நீர்ச் சொட்டுக்குள் வாழ்கிற ஏதோ ஒரு பிராணி என்று நினைத்துப் பென்சிலைக் கூராகச் சீவி நான் அதை வரைந்துகொண்டிருக்கிறேன், எனக்குப் பத்தொன்பது வயது, தூத்துக்குடிக் கல்லூரியின் ஆய்வுக்கூடம், ஜன்னல் கம்பியெல்லாம் உப்புப் பூத்திருக்கிறது, தோளுக்குப் பின்னால் பெர்பெத்துவா அக்கா வந்து நிற்கிறாள், எங்களுக்கெல்லாம் மூத்தவள், அங்கேயே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவள், என் படத்தைப் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், ஏ பிள்ள, அது கடல்ல உள்ளது இல்லட்டி, உன் இமைமுடி, கண்ணக் கொண்டுபோயி மைக்ராஸ்கோப்புல ஒட்டிவச்சா வேற என்ன தெரியும், கொஞ்சம் தள்ளி உக்காரு. தள்ளி உட்கார்ந்தேன், நூல் போய்விட்டது, அவள் சிரிப்பு மட்டும் மதியம் வரைக்கும் போகவில்லை.

ஆனால் இப்போது யாரும் சிரிக்கவில்லையே, இது ஆய்வுக்கூடமும் இல்லை, பெண்கள் பள்ளிக்கூடத்தின் கூட்ட அரங்கம், என் கையில் மைக் இருக்கிறது, பெண் விஞ்ஞானிகள் வந்து தங்கள் வேலையைப் பற்றி மாணவிகளிடம் பேச வேண்டும் என்று ஏற்பாடு, இந்த மாதம் என் முறை, காலையில் துறைமுகத்துப் பக்கம் மொண்டுவந்த கடல்நீரில் ஒரு சொட்டு மைக்ராஸ்கோப்புக்கு அடியில் இருக்கிறது, அதைக் கேமரா பிடித்துச் சுவரில் தொங்கும் வெள்ளைத்துணியில் குளம் போலப் பெரிதாக்கிக் காட்டுகிறது, அதற்குள் ஒரு கோபிபாட் துள்ளுகிறது, இறாலுக்குத் தூரத்துச் சொந்தம், கடுகில் பாதிகூட இருக்காது, இதன் வாலிலும் காலிலும் உள்ள முடியைப் பார்த்து இது இன்ன இனம் என்று சொல்வதுதான் பிள்ளைகளா என் வேலை, ஒரு மயிரிழை கூடினால் வேறு இனம், குறைந்தால் வேறு இனம், என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டேன், வாலுக்குப் பக்கத்தில் கருப்பாய், வளைந்து, ஒரு நூல்.

அது எங்கே இருக்கிறது. சொட்டில் இருக்கிறதா, துணியில் ஒட்டின ஒட்டடையா, இல்லையென்றால். அந்த இல்லையென்றாலுக்கு மேல் யோசிக்க எனக்குப் பயமாக இருந்தது. போன மாதம் மதுரையில் கண் டாக்டர் டார்ச்சை அணைத்துவிட்டுச் சொன்னார், இடது கண்ணுல விழித்திரை மெலிஞ்சிருக்கு, புதுசா நூல் மாதிரி, பூச்சி மாதிரி ஏதாவது மிதந்தா நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, அன்னைக்கே வந்துருங்க, கிழிஞ்சிட்டா பார்வை போயிரும். சரி டாக்டர், சரி டாக்டர் என்று நல்ல பிள்ளையாய்த் தலையாட்டிவிட்டு வந்தேன், பஸ்ஸில் வரும்போது இடது கண்ணால் வயலைப் பார்த்தேன், வலது கண்ணால் வயலைப் பார்த்தேன், இரண்டும் ஒரே பச்சை, கடவுளே இரண்டும் ஒரே பச்சையாகவே இருக்கட்டும்.

இடது கண்ணை மூடிப் பார்த்தால் தீர்ந்தது, நூல் மறைந்தால் அது கண்ணுக்குள் இருக்கிறது, மறையாவிட்டால் சொட்டில் இருக்கிறது, சின்னப் பிள்ளைகூடச் செய்துவிடும், சந்தேகம் வந்தால் சோதித்துப் பார் என்று ஊர் ஊராய்ப் போய் மைக்கில் சொல்கிறவள் நான், எனக்கு அந்தக் கண்ணை மூட மனம் வரவில்லை, கை மேலே போவதும் முந்தானையைச் சரிசெய்வதுபோல இறங்குவதுமாக நிற்கிறேன், கோபிபாட் துள்ளுகிறது, நூலும் துள்ளுகிறது, எது எதை இழுக்கிறது, மைக்கில் பட்ட உதடு உப்புக்கரிக்கிறது, பெர்பெத்துவா அக்கா பின்னால் நிற்கிறாள், இல்லை, அவள் கல்யாணமாகி எங்கோ போய்விட்டாள், நிற்பது எஸ்தர் மிஸ், இந்தப் பள்ளிக்கூடத்து அறிவியல் டீச்சர், தண்ணி வேணுமா மேடம் என்கிறார்.

வேண்டாம் என்றேன். பிறகு, நான் கேட்காமலே என் வாய் கேட்டது, பிள்ளைகளா, அந்த வாலுக்குப் பக்கத்துல கருப்பா ஒரு நூல் இருக்குல்லா, தெரியுதா? தெரியுது மேடம், என்று அரங்கமே சேர்ந்து பாடியது. அம்மாடி, என்ன ஒரு சந்தோஷம், உடம்பெல்லாம் லேசாகிவிட்டது, நூலே, நீ கடலில்தான் இருக்கிறாய், உன்னை எந்த வலை வேண்டுமானாலும் பிடிக்கட்டும். நல்லாத் தெரியுதா? நல்லாத் தெரியுது மேடம். அந்த ராகம் எனக்குத் தெரியும், புரியுதா என்றால் புரியுது மிஸ், தெரியுதா என்றால் தெரியுது மிஸ், நானும் இதே மாதிரி பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றுமே புரியாமல் பாடியவள்தான், சந்தோஷம் வந்த வழியே இறங்கத் தொடங்கியது, வலது பக்கம் ஒரு நூல் இருக்கே அதுவும் தெரியுதா, என்று இல்லாததைக் கேட்டேன், தெரியுது மேடம்.

அப்போதுதான் நடு வரிசையில் ஒரு கை, பாதி தூக்கி, இறங்கி, மறுபடி தூக்கிய கை. எஸ்தர் மிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு, இசக்கிப்பிரியா, சும்மா இரு என்கிறார், இருக்கட்டும் மிஸ், அவ சொல்லட்டும் என்கிறேன், குரல் என்னுடையது மாதிரியே இல்லை. அந்தப் பெண் எழுந்து பாவாடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அங்க நூலே இல்ல மேடம். வலது பக்கமா? ரெண்டு பக்கமும் இல்ல மேடம், பூச்சி மட்டுந்தான் இருக்கு, எல்லாரும் சொன்னாங்கன்னு நானும் முதல்ல தெரியுதுன்னு சொல்லிட்டேன், ஆனா எனக்குத் தெரியல மேடம். சொல்லிவிட்டு அடி விழப்போகிறது என்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டாள். உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்தினேன். துணியில் கோபிபாட் மட்டும், சுத்தமாக, தன் வாலோடு தனியாக நின்றது.

நீ சொன்னதுதாம்மா சரி என்று மைக்கில் சொன்னேன், நல்லாக் கை தட்டுங்க அவளுக்கு, தட்டினார்கள், எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எஸ்தர் மிஸ்ஸிடம் போய், கண் ஆஸ்பத்திரிக்கு ஒரு வண்டி சொல்லுங்க, இப்பவே போகணும் என்றேன், அவர் பதறிப்போய் வெளியே ஓடினார், வண்டி வருகிற வரை என்ன செய்ய, வா என்று அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னேன், கண்ணை அப்படியே கொண்டுபோய் ஒட்டவைத்துக்கொண்டாள், பத்தொன்பது வயதில் யாரோ ஒட்டவைத்துக்கொண்டதுபோல. மேடம், கருப்பா, வளைஞ்சு, நூல் நூலா இருக்கு, நீங்க சொன்னது இருக்கு மேடம்! அது உன் இமைமுடி பிள்ள, கொஞ்சம் தள்ளி உக்காரு. தள்ளினாள். இப்ப? போயிட்டு மேடம், என்று முகமெல்லாம் சிரிப்பாய் என்னை நிமிர்ந்து பார்த்தாள், அந்தச் சிரிப்பின் குறுக்கே கருப்பாய், வளைந்து, நுனி மெலிந்து ஒரு நூல், நானும் தலையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் பார்த்தேன், என்னுடையது போகவில்லை.